புதிரும் தமிழும்: மேல்வகுப்பு மாணவருக்காக ஒரு முன்மொழிவு

நமது ஆண்டு விழா மேடையிலே மூன்று நிமிடம் தடங்கலின்றித் தமிழிற் பேசிப் பரிசு பெறும் பிள்ளை, மேடைப் படிகளை விட்டு இறங்கியதும் தோழியரோடு ஆங்கிலத்தில் உரையாடத் தொடங்குகின்றாள். இதைக் கண்டு மனம் நொந்து எழுதப்பட்ட கட்டுரைகள் இத்தகைய மலர்களிலே பல வந்துள்ளன. அவற்றோடு இன்னுமொன்றைச் சேர்ப்பது எமது நோக்கமன்று. அப்பிள்ளையிடம் தமிழ் இருக்கின்றது. மனனஞ் செய்த தமிழ் இருக்கின்றது. பாட்டியோடு பேசும் தமிழும் ஓரளவு இருக்கின்றது. ஆனால் ஒரு பொருளைப் பற்றி வாதிடவும், 'நீ சொல்வது பிழை, ஏனெனில்...' என்று தொடங்கி ஒரு வாக்கியத்தை முடிக்கவும் அவளுக்குத் தமிழிலே சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை. நாமும் அதற்கு இடமளிப்பதில்லை. கீழ்வகுப்புக்களில் இருக்கைகள் போதாமலிருக்க, மேல்வகுப்பில் நான்கு பேரும் ஐந்து பேருமாகத் தேய்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணமென்றே நாம் கருதுகின்றோம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மூளைக்கு வேலை வேண்டும். 'எனது பூனை' என்னுந் தலைப்பில் பத்து வசனம் எழுதுவித்து அவ்வயதினரை மறித்து வைத்திருக்க இயலாது.

ஆகவே மேல்வகுப்பு மாணவருக்குச் சனிக்கிழமைதோறும் இறுதி அரை மணி நேரத்தைக் கணினிப் புதிர்களுக்காக ஒதுக்க வேண்டுமென்று இவ்விடத்தில் முன்மொழிய விரும்புகின்றோம். அப்புதிர்களை அவிழ்ப்பதற்கு, அணிமொழி எனப்படும் ஒரு வகைச் செய்நிரல் மொழியைப் பயன்படுத்த வேண்டுமென்பதும், அவிழ்த்த முறையைத் தமிழிலே வாய்விட்டுச் சொல்ல வேண்டுமென்பதும் அம்முன்மொழிவின் ஏனைய இரு கூறுகள். தமிழ்ப் பாடசாலைக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடையளிக்கு முன்னர் விடயத்தைச் சற்று விளக்க வேண்டியிருக்கின்றது.

எரிக் வாஸ்டல் எனும் அமெரிக்கச் செய்நிரலாளர் 2015 ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வோராண்டும் மார்கழி முதலாந் திகதியிலிருந்து நாளுக்கொன்றாகப் புதிர்களை வெளியிட்டு வருகின்றார். நத்தாருக்கு முந்திய நாள்களில் நாளுக்கொரு சிறு கதவைத் திறந்து இனிப்பு எடுக்கும் நாட்காட்டியை இந்நாட்டுக் கடைகளிலே கண்டிருப்பீர்கள். அதனைப் பின்பற்றிய ஏற்பாடு இது. 2024 வரை ஆண்டுக்கு 25 நாள். 2025 இல் அதனை 12 நாளாகக் குறைத்ததோடு, உலகத்தில் எவர் முதலில் விடுவித்தார் என்று காட்டும் வரிசைப் பட்டியலையும் அவர் நீக்கிவிட்டார். நல்ல காரியஞ் செய்தார் என்றே சொல்வோம். புதிர் வெளியாவது எமது ரொறன்ரோ நகரில் நள்ளிரவு நேரம். யாழ்ப்பாணத்திலோ அப்பொழுது முற்பகல் பத்தரை மணி. ஒவ்வொரு புதிருக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதியை விடுவித்தவருக்கே இரண்டாம் பகுதி காட்டப்படும். கேட்கப்படும் விடை பெரும்பாலும் ஓர் எண்தான். அதனை எந்தக் கணினி மொழியாற் பெற்றாலென்ன, தாளும் பென்சிலும் கொண்டு பெற்றாலென்ன, கேட்பார் இல்லை.

இனி, அணிமொழி. வழக்கமான கணினி மொழிகளிலே நூறு எண்களைக் கொடுத்து ஒவ்வொன்றையும் இரட்டிக்கச் சொன்னால், முதலாவதை எடு, இரட்டி, வை, அடுத்ததை எடு, இரட்டி, வை என்று கணினிக்கு ஒவ்வோர் அடியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அணிமொழியில் அந்த நூறு எண்களும் சேர்ந்து ஒரே பொருள். 'இதை இரட்டி' என்றால் முழுவதும் இரட்டிக்கும். எண்களை நிரையாகவும் நிரலாகவும் அடுக்கிய தாயத்தை நமது அட்சரகணித வகுப்பிலே படித்தவர்களுக்கு இது புதிதன்று.

இம்மொழிகளின் மூலவர் கெனத் ஐவர்சன் என்பவர். 1920 இல் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்திலே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பண்ணை வேலைக்குச் சென்றார். இரண்டாம் உலகப் போரின்போது படையிலே சேர்ந்தார். அங்கிருந்தபடியே தபால்மூலக் கல்வியால் விட்ட படிப்பைத் தொடர்ந்தார். போர் முடிந்தபின் கிங்ஸ்ரன் நகரிலுள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்திலும், பின்னர் ஹார்வாட்டிலும் பயின்று 1954 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். போரினால் படிப்பு இடைமுறிந்தவர்கள் நிறைந்த சமூகம் நமது சமூகம். ஆதலால் இந்த விபரத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருப்பது நன்று.

ஹார்வாட்டிலே கற்பித்த காலத்தில், கரும்பலகையில் எழுதி விளக்குவதற்காகவே ஐவர்சன் ஒரு குறியீட்டு முறையை வகுக்கத் தொடங்கினார். அது முதலிற் கணினிக்காகப் பிறந்ததன்று, மாணவருக்காகப் பிறந்தது. 1962 இல் அது நூலாக வெளிவந்தது. அந்நூலின் ஆங்கிலத் தலைப்பின் முதலெழுத்துக்களே பின்னர் ஏ.பி.எல். எனும் மொழியின் பெயராயின. 1979 இல் கணினியியலின் மிகவுயர்ந்த விருதாகிய ரியூறிங் விருதைப் பெற்றபோது அவர் ஆற்றிய உரையின் பொருளே, குறியீடு என்பது சிந்தனைக்கான கருவி என்பதுதான். 1980 இல் அவர் ரொறன்ரோவில் இயங்கிய ஐ.பி. ஷார்ப் நிறுவனத்திலே சேர்ந்தார். ஹொங்கொங்கிலே பிறந்து சிறுவயதில் கனடாவுக்கு வந்த றொஜர் ஹூய் என்பவரோடு இணைந்து 1990 இல் 'ஜே' எனும் இன்னொரு மொழியை உருவாக்கினார். 2004 இல் ரொறன்ரோவிலேயே காலமானார். நாம் நாள்தோறும் பேருந்தேறித் திரியும் நகரத்தின் மனிதர் அவர். நம்மில் எத்தனை பேர் அவரது பெயரைக் கேட்டிருக்கின்றோம்?

ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 2021 ஆம் ஆண்டின் முதல்நாட் புதிர், கடலின் ஆழத்தை அளந்த எண்வரிசை ஒன்றைத் தந்து, முந்திய அளவைவிடக் கூடிய அளவுகள் எத்தனை என்று கேட்டது. நாம் வகுப்பிலே சிறிய எண்களைக் கொண்டு இதனைச் செய்வித்தோம்: 10, 14, 13, 12, 16, 15, 19. இவ்வரிசையை இரண்டு முறை எழுதுக. ஒன்றில் முதலெண்ணை நீக்குக; மற்றையதில் இறுதியெண்ணை நீக்குக. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பெரியதா என்று கேட்க. ஆம் என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0. வருவது 1, 0, 0, 1, 0, 1. கூட்டினால் 3. விடை அதுவே. இங்கே 'எண்ணுதல்' என்று தனியாக ஒரு வேலை இல்லை. உண்மைக்கு 1 என்று பெயரிட்டமையால் கூட்டலே எண்ணுதலாகிவிட்டது.

இரண்டாம் பகுதி இன்னும் சுவையானது. அடுத்தடுத்த மும்மூன்று எண்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகைகள் எத்தனை முறை ஏறுகின்றன என்று கேட்டது. பிள்ளைகள் கூட்டத் தொடங்கினர்: 37, 39, 41, 43, 50. நான்கு முறை ஏறுகின்றது. சரியான விடைதான். ஆயினும் ஒரு மாணவன் கூட்டாமலே விடை சொன்னான். முதற்கூட்டிலே 10, 14, 13. அடுத்ததிலே 14, 13, 12. நடுவிலுள்ள 14 உம் 13 உம் இரண்டிலும் பொதுவாக இருக்கின்றன. ஆகவே 10 ஐயும் 12 ஐயும் மட்டும் ஒப்பிட்டாற் போதும். அதாவது முன்பு ஓர் எண் தள்ளி ஒப்பிட்டதை இப்போது மூன்றெண் தள்ளி ஒப்பிடுவதே வேலை. இதனை அவன் தமிழிலே மற்றவர்களுக்கு விளக்க வேண்டும் என்றோம். 'பொதுவான' என்ற சொல் அவனுக்கு வரவில்லை. 'ரெண்டு பேரிட்டையும் இருக்கிறது' என்றான். பக்கத்திலிருந்த மாணவி 'பொது' என்று எடுத்துக்கொடுத்தாள். அந்தச் சொல்லை அவன் இனி மறக்கமாட்டான். சொற்பட்டியலை எழுதிக்கொடுத்துப் பத்துத் தரம் எழுதச் சொல்லியிருந்தால் மறந்திருப்பான்.

இப்பொழுது இக்கட்டுரையின் உயிரான விடயத்துக்கு வருகின்றோம். ஐவர்சனின் மொழியிலே பெருக்கலுக்கு முன்னுரிமை, கூட்டலுக்குப் பின்னுரிமை என்ற விதி கிடையாது. ஒரு வரியில் எழுதியவை யாவும் வலக்கரையிலிருந்து இடப்பக்கமாகவே நிறைவேறும். 3 × 2 + 4 என்று எழுதினால் முதலில் 2 உம் 4 உம் கூட்டப்பட்டு, பின் மூன்றால் பெருக்கப்பட்டு 18 வரும். ஆங்கிலப் பாடசாலையிலே 10 என்று படித்த பிள்ளைகள் இதைக் கண்டு சண்டைக்கே வந்துவிட்டார்கள். (அச்சண்டை தமிழிலே நடந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.) கரும்பலகையில் நாம் +/ 2 × அ என்று எழுதினோம். சாய்கோட்டோடு கூடிய கூட்டற்குறி, 'எல்லாவற்றையும் கூட்டு' என்று பொருள்படும். இதனை இடமிருந்து வலமாக வாசித்தால் ஆங்கிலத் தொடரின் ஒழுங்கு வரும்: கூட்டுத்தொகை, எதனது, இருமடங்கினது, எதனது, அ எனும் வரிசையினது. ஐவர்சனும் அவ்வாறு வாசிக்கலாம் என்பதைச் சிறப்பாகக் கருதினார். ஆனால் கணினி அதனை நிறைவேற்றும் ஒழுங்கில், வலமிருந்து இடமாக வாசித்துப் பாருங்கள்: 'அ என்பதை இரண்டாற் பெருக்கிக் கூட்டுக.' செயப்படுபொருள் முன்னே, அதன்பின் வினையெச்சம், முடிவிலே வினைமுற்று. ஒரு சொல்லைக்கூட இடம்மாற்றத் தேவையில்லை.

இதை முதலிற் கண்டுபிடித்துச் சொன்னவர் நாம் அல்லர். இலக்கண வகுப்பிலே வழமையாகத் தூங்கி விழும் மாணவி ஒருத்தி, 'சேர், இது தமிழ் மாதிரி. வினை கடைசியிலைதான் வருகுது' என்றாள். எமக்கு உடல் சிலிர்த்தது. வினையெச்சம் என்றால் என்னவென்று எத்தனை ஆண்டுகளாகப் பலகையில் எழுதி வருகின்றோம்! வெட்டி, அடுக்கி, ஒப்பிட்டு, கூட்டி, விடை சொல் என்று ஐந்து வினைகளை ஒரே மூச்சில் தொடுக்கும் வசதி தமிழுக்கு இயல்பாகவே உண்டு. ஆங்கிலத்தில் இதனைச் சொல்ல வேண்டுமாயின் 'பின்னர், பின்னர்' என்று தனித்தனி வாக்கியமாக்க வேண்டும். அல்லது பின்னாலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். எமது பிள்ளைகள் தமிழைச் சிரமமான மொழி, சுற்றிவளைத்த மொழி என்று எண்ணி வளர்கின்றனர். ஒரு வேலைக்குத் தமிழ் வாக்கியம் ஆங்கில வாக்கியத்திலும் பார்க்கச் செம்மையாகப் பொருந்துவதைத் தம் கண்ணாற் காணும் வாய்ப்பு அவர்களுக்கு எப்போதாவது கிடைத்ததுண்டா? 'தமிழ் இனிது, தமிழ் தொன்மையானது' என்று நாம் சொல்லிக்கொடுப்பதை அவர்கள் மரியாதைக்காகக் கேட்டுக்கொள்கின்றனர். இதையோ அவர்களே கண்டுகொண்டனர்.

ஏ.பி.எல். மொழியின் சுருக்கத்தைக் குறளோடு ஒப்பிட்டு மகிழ்வாரும் உளர். நாம் அவ்வழியே போக விரும்பவில்லை. சுருக்கம் மட்டுமே சிறப்பாகாது. எட்சர் டைக்ஸ்ற்ரா எனும் ஒல்லாந்துக் கணினி அறிஞர் 1975 இல் இம்மொழியை, பிழையான ஒன்றைக் குறையின்றிச் செய்து முடித்தது போன்றதென்று கடுமையாகச் சாடினார். ஒரே வரியில் எல்லாவற்றையும் திணித்து, மறுவாரம் எழுதியவருக்கே விளங்காமற் போகும் வித்தையை நாமும் வெறுக்கின்றோம். அதற்கு மருந்து, வரியை வாய்விட்டுத் தமிழில் வாசிப்பித்தல். வாசிக்க முடியாத வரியை உடைத்து இரண்டாக எழுத வேண்டும் என்பதே எமது வகுப்பின் விதி.

எல்லாப் புதிர்களும் இம்மொழிக்கு இசைவன அல்ல என்பதையும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். 2015 ஆம் ஆண்டின் முதற்புதிரில், திறக்கும் அடைப்புக்குறி வந்தால் ஒரு மாடி ஏறவும், மூடும் குறி வந்தால் ஒரு மாடி இறங்கவும் வேண்டும். நிலத்தடி மாடிக்கு முதன்முதலிற் போவது எத்தனையாவது குறியிலே என்பது இரண்டாம் வினா. குறிகளை 1, −1 என மாற்றி, வங்கிப் புத்தகத்தில் மீதி எழுதுவது போல ஒவ்வோர் அடியிலும் கூட்டுத்தொகையை எழுதிக்கொண்டு போனால் −1 எங்கே முதலில் வருகின்றதென்று உடனே தெரியும். அணிமொழியில் அந்த மீதி நிரலை ஆக்குவதற்கு இரண்டே குறிகள் போதும். அதே ஆண்டு 18 ஆம் நாட் புதிர் இன்னும் அழகானது. நிரைக்கு 100, நிரலுக்கு 100 ஆக அடுக்கிய விளக்குகள். ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்த எட்டு விளக்குகளுள் எத்தனை எரிகின்றன என்பதைப் பார்த்து எரியும் அல்லது அணையும். இவ்வாறு 100 முறை. ஒவ்வொரு விளக்காகப் போய் அயலை எண்ணினால் பொழுது விடிந்துவிடும். அணிமொழிக்காரர் முழுப் பலகையையும் எட்டுத் திசைக்கும் ஒவ்வோர் அடி நகர்த்தி, எட்டுப் பிரதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கூட்டுவர். எல்லா விளக்குகளின் அயற்கணக்கும் ஒருசேர வந்துவிடும். நகர்த்தும்போது ஓரத்து விளக்கு மறுகரையில் தலைகாட்டும் என்பதால், சுற்றிவர ஒரு வரிசை பூச்சியங்களை வேலியாக இட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் அதனை 'வேலி' என்றே பெயரிட்டனர். ஊர் வேலியைக் கண்டறியாத பிள்ளைகள் அவர்கள். சொல் மட்டும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

மாறாக, 2024 இன் ஆறாம் நாளிலே ஒரு காவலாளி தடை எதிர்ப்பட்டால் வலப்புறம் திரும்பி நடந்துகொண்டேயிருக்கும் புதிர் வந்தது. அவ்வாறு ஓரடிக்குப்பின் ஓரடி என்று போகும் விடயத்தில் அணிமொழியின் வீரம் எடுபடாது. பாதை தேடும் புதிர்களும் அவ்வாறே. அத்தகைய புதிர்களை விட்டுவிடலாம். நாள்தோறும் ஒன்று என்ற கட்டாயமும் எமக்கு வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். பழைய ஆண்டுகளின் புதிர்கள் யாவும் இன்றும் கிடைக்கின்றன. மார்கழி முடிந்தாற் புதிர் முடிந்தது என்றில்லை.

எம்மிடம் கேட்கப்படும் ஆட்சேபங்களுள் இரண்டு முக்கியமானவை. இம்மொழியாற் பிள்ளைக்கு உத்தியோகம் கிடைக்குமா என்பது ஒன்று. நிதி வணிக நிறுவனங்கள் சில இக்குடும்பத்தைச் சேர்ந்த 'கே' மொழியின் வழிவந்தவற்றைப் பயன்படுத்துகின்றன என்பது உண்மையே. ஆயினும் அதைக் காட்டி ஆசையூட்ட நாம் விரும்பவில்லை. பரதநாட்டியத்துக்கும் மிருதங்கத்துக்கும் பிள்ளையை அனுப்பும்போது உத்தியோகத்தைக் கேட்டா அனுப்புகின்றோம்? மற்றையது, இப்போது செயற்கை நுண்ணறிவு இப்புதிர்களைக் கணப்பொழுதில் விடுவித்துவிடுமே என்பது. விடுவிக்கும், அதில் ஐயமில்லை. எமக்கு வேண்டியது அந்த எண்ணன்று. கணினியிடம் விடையைப் பெற்றுவந்த மாணவன் ஒருவனும் வகுப்பிலே எழுந்து நின்று 'ஏன் மூன்றெண் தள்ளி ஒப்பிட வேண்டும்' என்பதைத் தமிழிற் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டானாகில் அவன் எங்கிருந்து கற்றானென்று நாம் விசாரிக்கப் போவதில்லை.

விஞ்ஞானத்தைத் தமிழிலே சொல்வது நமக்குப் புதிய முயற்சியுமன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே மருத்துவங் கற்பித்து நூல்களையும் ஆக்கினார். இந்நாட்டிலுள்ள பெற்றோர் பலர் ஊரிலே உயர்தரம் வரையும் பௌதிகமும் இரசாயனமும் தமிழிற் படித்தவர்கள். நாமும் வன்னியிலே கணிதங் கற்பித்தவர்களே. 2008 ஆம் ஆண்டின் இறுதியில் இடத்துக்கிடம் பெயர்ந்துகொண்டிருந்தபோது தாளும் இல்லை, கொப்பியும் இல்லை. மரத்தின் கீழே பிள்ளைகளை இருத்தி, கணக்கை வாயாற் சொல்லி, வாயாலேயே செய்வித்தோம். ஒரு பிள்ளை தன் வழியைச் சொல்ல, அடுத்த பிள்ளை அதில் குற்றங் காண, மூன்றாவது பிள்ளை தீர்ப்புச் சொல்லும். அவ்வகுப்புக்களில் இருந்தோரிற் பலர் இன்று இல்லை. அவர்களது கணிதம் முழுவதும் தமிழில் இருந்தது. இங்கே பண்டகசாலை வேலை முடித்துச் சனிக்கிழமை காலையில் வகுப்புக்கு வரும்போது, அதே வயதுப் பிள்ளைகள் தமிழை நாலுவரிப் பேச்சுக்கு மாத்திரம் வைத்திருப்பதை எம்மால் இலகுவில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

செலவு பற்றிய கவலை வேண்டாம். 'ஜே' இலவசமாகக் கிடைக்கின்றது, ஏ.பி.எல். மொழியை எதையும் நிறுவாமல் வலையுலாவியிலேயே இயக்கிப் பார்க்கலாம். அதன் விசித்திரக் குறிகளுக்குத் தனி விசைப்பலகை அமைப்பு வேண்டும். பாமினி எழுத்துருவிலே தமிழ் தட்டெழுதிப் பழகிய நமது ஆசிரியர்களுக்கு அது ஒரு பொருட்டன்று. ஆசிரியர் எவரும் கணினி விற்பன்னராக இருக்கத் தேவையில்லை. முதல் ஆறு வாரம் பலகையும் வெண்கட்டியும் மட்டுமே; கணினியை ஏழாவது வாரத்தில் திறந்தாற் போதும். வருந்தவணையில் பரீட்சார்த்தமாக இதனை ஆரம்பிக்க நிருவாகக் குழுவினர் இசைவளிப்பரென்று நம்புகின்றோம். சனிக்கிழமை 12 மணிக்குப் பிள்ளைகளை அழைத்துச்செல்ல வரும் பெற்றோர், அரை மணி தாமதித்து வந்தால் உதவியாயிருக்கும். தாமதிக்க இயலாதோர் உள்ளே வந்து பின்வரிசையில் அமரலாம். கணக்கிலே குற்றங் காண்பதற்கு அவர்களுக்கும் உரிமையுண்டு. தமிழிற் காண வேண்டும்.